தனியுரிமையில் 'தனி' எங்கே இருக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என் மார்க்கை எனக்கு முன்னாலேயே எதிர்வீட்டு மாமா பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் நெட் இழுத்துக்கொண்டிருந்தது, நான் மொட்டைமாடி மூலையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன், கீழே தெருவிலிருந்து மாமா அண்ணாந்து பார்த்து, "என்னம்மா, கெமிஸ்ட்ரி காலை வாரிட்டு போலயே?" என்றார். கெமிஸ்ட்ரி பற்றி இதற்கு மேல் இங்கே பேசப் போவதில்லை.

யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. ரிசல்ட் பார்க்க இரண்டே விஷயம் போதும், பதிவெண்ணும் பிறந்த தேதியும். மாமாவின் மகன் என் வகுப்புதான், பதிவெண்கள் வரிசையாக வரும், அவன் எண்ணிலிருந்து நான்கைக் கழித்தால் என்னுடையது. பிறந்த தேதி? அதை ஊரே அறியும். வருடா வருடம் என் தோழிகள் ஏழெட்டுப் பேர் "ஹேப்பி பர்த்டேடி, பதினேழு ஆயிட்டு" என்று கேக் படத்தோடு ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ஸ்டேட்டஸ் வந்த நாள்தான் தேதி, பதினேழைக் கழித்தால் வருடம்.

இத்தனைக்கும் அந்த வயதிலேயே நான் இந்த விஷயத்தில் உஷார் என்று எனக்கு நினைப்பு. இன்ஸ்டாகிராம் கணக்கு பிரைவேட். வாட்ஸ்அப்பில் லாஸ்ட் சீன் கிடையாது, டிபி தெரிந்தவர்களுக்கு மட்டும். பாஸ்வேர்ட் எனக்கே மறந்துபோகிற அளவுக்கு நீளம். பூட்டெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் போன விஷயம் என் வீட்டுக் கதவு வழியாகப் போகவே இல்லை. தோழிகளின் அன்பு வழியாகவும் வகுப்பின் அகரவரிசை வழியாகவும் போயிற்று.

இப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பெண் என்பதால் ஜூனியர் பிள்ளைகள் வந்து "அக்கா, பிரைவசிக்கு எந்த செட்டிங் போடணும்?" என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்தது, அதைத்தான் முடிந்தவரை எளிமையாக எழுதப் பார்க்கிறேன்.

கோளாறு கொஞ்சம் நாம் வைத்த பெயரிலேயே இருக்கிறது. அந்தரங்கம் என்று சொன்னால் ஏதோ வெட்கப்பட வேண்டிய ரகசியம் போலத் தொனிக்கிறது, அதனால் "ஒளிக்க எங்கிட்ட ஒண்ணுமில்லையே" என்று சுலபமாகத் தள்ளிவிடுகிறோம். தனியுரிமை என்ற சொல் அதைவிட மரியாதையானது, ஆனால் அதில் முன்னால் நிற்கிற 'தனி' நம்மை ஏமாற்றுகிறது. என் தகவல் என்னுடையது, அதற்கு நான் தனியாகப் பூட்டுப் போட முடியும், பூட்டுப் போடாதவள் முட்டாள் என்கிற மாதிரி. என்னைப் பற்றிய தகவல் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள், அதில் முக்கால்வாசியில் இன்னொருவரும் இருப்பார். பிறந்த நாள் என்றால் வாழ்த்தியவர்கள், போட்டோ என்றால் பக்கத்தில் நிற்பவர்கள், சாட் என்றால் எதிர்முனையில் இருப்பவர், போன் நம்பர் என்றால் அதை சேமித்து வைத்திருக்கிற இருநூறு பேர்.

எங்கள் தெருவில் வரிசை வீடுகள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர். அவர்கள் பக்கம் ஆணி அடித்தால் எங்கள் பக்கம் காரை உதிரும். அந்தச் சுவரை இடிக்கவோ உயர்த்தவோ இரண்டு வீடும் பேசித்தான் ஆக வேண்டும், பேசாமல் செய்ததில் எங்கள் தெருவில் பத்து வருடம் முகம் பார்க்காமல் இருந்த குடும்பங்கள் உண்டு. இணையத்தில் நம் தகவல் பெரும்பாலும் இந்த மாதிரிப் பொதுச்சுவர்தான். இதைப் பற்றி ஆராய்கிறவர்கள் ஒருவரையொருவர் சார்ந்த தனியுரிமை என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பொதுச்சுவர் போதும்.

சரி, பிறந்த தேதி தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும்? நானும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டை அப்படியே விட்டு, ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். பெயர்தான் இல்லையே, பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டும் உறுதி சொன்னார். லட்டான்யா ஸ்வீனி அப்போது அங்கிருக்கும் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் மாணவி. ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆளுநர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்த ஊரில் 6 பேர், அதில் ஆண்கள் 3 பேர், அந்த மூவரில் ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தது ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவக் குறிப்பு கையில் வந்துவிட்டது. பிறகு 2000-ல் அவரே ஒரு கணக்கு வெளியிட்டார்: பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காண முடியும் என்று. நம் ஊர் பின்கோடு ஒன்றுக்குள் ஆட்கள் ரொம்ப அதிகம், அதே சதவீதம் இங்கே வராது. ஆனால் இங்கே வேறு வசதி இருக்கிறது. நாம் இறக்கிக்கொள்கிற இ-ஆதார் பி.டி.எஃப்-க்குப் பாஸ்வேர்ட், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். ஸ்டேட்டஸில் கேக் படத்தோடு போனது பாதிப் பூட்டு, மீதிப் பாதி என் பெயர்.

கவனித்தால் இதில் எந்த ஒரு பட்டியலும் தப்பானதில்லை. மருத்துவப் பட்டியலில் பெயர் இல்லை, வாக்காளர் பட்டியலில் நோய் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் சுவர் விழுகிறது.

இனி போன் நம்பருக்கு வருவோம், ஏனென்றால் அன்றாடம் எல்லோரும் செய்கிற காரியம் அதுதான். புதிதாக ஒரு செயலியை இறக்கியவுடன் "உங்கள் தொடர்புகளை அணுக அனுமதிக்கலாமா" என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் 'அலவ்' அழுத்துவோம். அந்த நொடியில் நான் கொடுத்தது என் தகவலை இல்லை, என் போனில் இருக்கிற நானூற்றுச் சொச்சம் பேரின் பெயரையும் நம்பரையும். அதில் ஸ்மார்ட்போனே இல்லாத எங்கள் ஆச்சி இருக்கிறாள், அந்தச் செயலியைப் பிடிக்காமல் வேண்டுமென்றே தவிர்த்த என் தோழி இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார். அவர்கள் யாரையும் நான் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

நம்பர் மட்டும்தான் போகிறது என்று நினைக்காதீர்கள், நாம் சேமித்த பெயரும் போகலாம். ஒரு நாள் அப்பா தெரியாத ஒருவருக்குப் போன் செய்தார், அவர் எடுத்தவுடனேயே "தண்ணி கேன் அண்ணாச்சியா?" என்று கேட்டார். அப்பா தண்ணீர் கேன் விற்றதெல்லாம் எட்டு வருடத்துக்கு முன்னால், அதுவும் ஒரே ஒரு கோடைக்காலம். அழைப்பவர் பெயரைக் காட்டும் ஏதோ ஒரு செயலி அந்த மனிதரின் போனில் இருந்திருக்கிறது, யாரோ பழைய வாடிக்கையாளர் சேமித்த பெயர் எப்படியோ அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார், ஆனால் உலகத்துக்கு அவர் தண்ணி கேன் அண்ணாச்சி. அப்பா சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நான் மட்டும் அன்று இரவு என் தொடர்புகளைத் திறந்து, யார் யாரை என்னென்ன பெயரில் வைத்திருக்கிறேன் என்று பார்த்தேன். "கடன் ஆன்ட்டி" என்று ஒருவர் இருந்தார். பாவம், ஒரு முறை அம்மாவிடம் கைமாற்று வாங்கியவர். உடனே மாற்றினேன்.

கொஞ்சம் பெரிய கணக்கில் இது எப்படிப் போகும் என்பதற்கு 2018-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா (தேர்தல் பிரச்சாரங்களுக்கு வேலை செய்த ஒரு நிறுவனம்) விவகாரத்தை விட நல்ல உதாரணம் இல்லை. பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள், "பேஸ்புக் டேட்டாவைத் திருடிட்டாங்க" என்று. அது திருட்டு மாதிரி நடக்கவில்லை என்பதுதான் விஷயமே. அலெக்சாண்டர் கோகன் என்ற இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர், ஆளுமையைக் கணிக்கிற கேள்விபதில் செயலி ஒன்றை பேஸ்புக்கில் விட்டார், அதில் சேர்ந்த தகவல்தான் அந்த நிறுவனத்துக்குப் போனது. அன்றைய பேஸ்புக் விதிப்படி, ஒருவர் ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தால், அவருடைய நண்பர்களைப் பற்றிய பல தகவல்களையும் அந்தச் செயலி எடுக்க முடியும். நண்பரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். உலகம் முழுக்க அந்தச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 8.7 கோடி பேர் வரை என்று பேஸ்புக்கே சொன்னது.

இந்தியாவுக்கான கணக்கு இன்னும் பொட்டில் அறைகிற மாதிரி இருக்கும். நிறுவியவர்கள் 335 பேர். அவர்களைத் தவிர, நண்பர்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,120 பேர். இந்த இரண்டு எண்ணையும் வகுத்துப் பார்த்து ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு நண்பர்களா என்று வியக்க வேண்டாம், நிறுவிய நண்பர் இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்றில்லையே, நியூஜெர்சியில் இருக்கிற அத்தை மகனாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்த ஐந்தரை லட்சம் பேரில் ஒருவர்கூட 'அலவ்' அழுத்தவில்லை. அவர்களில் எத்தனை பேர் என்னை மாதிரி எல்லா செட்டிங்கும் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்திருப்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நண்பர்களின் தகவலை எடுக்கும் அந்த வழியை பேஸ்புக் 2014-ல் அடைக்கப்போவதாக அறிவித்து 2015-ல் அடைத்தது, அதாவது விவகாரம் வெடிக்க மூன்று வருடத்துக்கு முன்பே. அதற்குள் போனது போனதுதான். 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் மார்க் ஸக்கர்பெர்க்கிடம் உங்கள் தகவலும் அதில் போனதா என்று கேட்டார்கள், ஆமாம் என்றார். சுவரைக் கட்டியவருக்கே காரை உதிர்ந்திருக்கிறது. அடுத்த வருடம் அமெரிக்க வர்த்தக ஆணையம் பேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டது.

இன்னொரு மாணவர் கதை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மேக்ஸ் ஷ்ரெம்ஸ் 2011-ல் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பியச் சட்டப்படி தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று ஒரு நிறுவனத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இவர் பேஸ்புக்கைக் கேட்டார். வந்தது 1,222 பக்கம். அவர் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகள்கூட அதில் இருந்தன. அவர் அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் வரிசையாகக் கொடுத்த 22 புகார்களில் ஒன்று நிழல் விவரக்குறிப்பு பற்றியது: ஒருவர் தானாகக் கொடுக்காததையும், கணக்கே இல்லாதவர்களைப் பற்றியும்கூட, மற்றவர்களின் தொடர்புப் பட்டியல்களிலிருந்து சேர்த்து வைக்கிறார்கள் என்று. பிற்காலத்தில் அவர் தொடுத்த வழக்குகளால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் தகவல் அனுப்புவதற்கான ஒப்பந்தம் 2015-லும், அதற்கு மாற்றாக வந்தது 2020-லும், இரண்டு தடவை ரத்தானது. ஸ்வீனி மாணவி, இவர் மாணவர். நான் அசைன்மென்டையே கடைசி நாள் ராத்திரிதான் தொடுகிறேன் என்பது வேறு விஷயம்.

இந்த விண்ணப்பத்தை இப்போது நாமே போடலாம், பெரிய சட்டமெல்லாம் வேண்டாம், பெரும்பாலான சமூக ஊடகங்களின் செட்டிங்கிலேயே உங்கள் தகவலைப் பதிவிறக்கு என்று ஒரு இடம் இருக்கும். நான் ஒரு செயலியில் செய்து பார்த்தேன். லைக், கமென்ட், தேடியது எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பத்தாம் வகுப்புப் படிக்கும்போது பயன்படுத்திய பழைய போனிலிருந்து ஏற்றப்பட்ட தொடர்புப் பட்டியல். அதில் "தாத்தா லேண்ட்லைன்" என்று ஒரு எண். தாத்தாவும் இல்லை, அந்த லேண்ட்லைனும் இல்லை, நான் கொண்டுபோய்ச் சேர்த்த எண் மட்டும் எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் அழித்தேன். நிஜமாகவே அழிந்ததா என்று ஷ்ரெம்ஸைத்தான் கேட்க வேண்டும்.

பெயரே இல்லாமலும் இது நடக்கும். ஸ்ட்ராவா என்று ஓட்டப்பயிற்சி, சைக்கிள் பழக்கத்தைப் பதிகிற செயலி இருக்கிறதல்லவா, அவர்கள் 2017-ல் உலகத்தில் எங்கெங்கே ஆட்கள் ஓடுகிறார்கள் என்று ஒளிரும் வரைபடம் ஒன்று வெளியிட்டார்கள். 100 கோடி பயிற்சிப் பதிவுகள், ஒரு பெயர்கூட இல்லை. அழகான படம். 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்கிற 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் (பாருங்கள், மறுபடியும் மாணவர்) அதைப் பெரிதாக்கிப் பார்த்து, சிரியா மாதிரி இருட்டாக இருக்கவேண்டிய இடங்களில் ஒளிக்கோடுகள் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். அது வெளிநாட்டு ராணுவ முகாம்களில் வீரர்கள் காலையில் ஓடிய தடம். ஒவ்வொருவனும் பகிர்ந்தது தன் ஓட்டத்தை மட்டும்தான், சேர்ந்து பார்த்தால் முகாமின் வரைபடம்.

ரத்தத்தில்கூட பொதுச்சுவர் உண்டு. கலிஃபோர்னியாவில் 1970-80-களில் தொடர் கொலைகள் செய்தவனை 2018-ல் பிடித்தார்கள். அவன் தன் டி.என்.ஏ-வை எங்கேயும் கொடுக்கவில்லை, வம்சாவளி தேடுவதற்காக அவனுடைய தூரத்து உறவினர்கள் தங்களுடையதைப் பொது இணையதளத்தில் ஏற்றியிருந்தார்கள், அதிலிருந்து குடும்ப மரத்தை வரைந்துகொண்டு போய்க் கதவைத் தட்டினார்கள். நல்லதுதானே என்றால் நல்லதுதான், கொலைகாரன் மாட்டியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மரத்தில் கொலை செய்யாத கிளைகளும் நிறைய இருந்தன.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே நம் ஊர் வழக்கு ஒன்று இருக்கிறது, அது இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொடர் கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி எழுதிய தன் கதையை 1994-ல் நக்கீரன் பத்திரிகை வெளியிட இருந்தது. அதில் சில அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்புகள் வரும். சிறைத்துறை தடுக்கப் பார்த்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று அந்த வழக்குக்குப் பெயர், ராஜகோபால் நக்கீரனின் ஆசிரியர். தன்னைத் தன்போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் எழுதக்கூடாது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், பொது ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பதை எழுதலாம், அதிகாரிகள் தங்கள் பணி சம்பந்தப்பட்டதை வெளிவருமுன்பே தடுக்க முடியாது என்றும் சொன்னது. நக்கீரன் வெளியிட்டது. எனக்கு இதில் பிடித்தது அந்த வழக்கின் முடிச்சு: ஒருவன் எழுதுவது தன் கதையை, ஆனால் தன் கதைக்குள் அடுத்தவர்கள் நடமாடாமல் இருப்பார்களா? இன்று ஸ்டேட்டஸ் வைக்கிற ஒவ்வொருவரும் ஒரு குட்டி சுயசரிதை எழுதிக்கொண்டிருக்கிறோம், அதே முடிச்சுதான்.

பிறகு 2017 ஆகஸ்ட் 24. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நல்ல சட்டமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஒரு தனிமனிதர் தன் சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ தகவலைக் கையாண்டால் இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது சட்டம் கம்பெனியைக் கேள்வி கேட்கும், சித்தியைக் கேட்காது. கேட்கவும் கூடாது, சித்தி மேல் தகவல் பாதுகாப்பு வாரியத்தில் புகார் கொடுக்கிற நாள் வரவேண்டாம். ஆனால் எங்கள் ஊர்க்கார வாட்ஸ்அப் குழுவில் எழுநூறு பேர் இருக்கிறார்கள், அது வீட்டு உபயோகமா?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி ஒரு தடவை நிஜமாகவே நீதிமன்றம் போயிருக்கிறது. ஸ்வீடனில் தேவாலயத் தொண்டு செய்த ஒரு பெண்மணி 1998-ல் தன் இணையப் பக்கத்தில் சக தொண்டர்களைப் பற்றி வேடிக்கையாக எழுதினார், அதில் ஒருவர் காலில் அடிபட்டு, மருத்துவக் காரணத்தால் பாதி நேரம் மட்டுமே வேலை பார்க்கிறார் என்றும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2003-ல், உலகமே பார்க்கிற இடத்தில் போட்டால் அது வீட்டு விஷயம் ஆகாது என்றது, காலில் அடிபட்டதை உடல்நலத் தகவல் என்றும் சொன்னது. எனக்கு அந்த அம்மாவைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, எங்கள் குடும்பக் குழுவில் அன்றாடம் நடப்பதுதான் அது. போன மாதம் மாமாவின் சுகர் ரிப்போர்ட் முழுதாக வந்தது.

போட்டோ விஷயத்தில் எனக்கும் சித்திக்கும் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கோயில் கொடையில் எடுத்த படம், நான் கண்ணை மூடிக்கொண்டு வாயில் பஞ்சுமிட்டாயோடு நிற்கிறேன், பேஸ்புக்கில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஏற்றி, என் பெயரை டேக் செய்து, படிக்கிற கல்லூரியையும் பெருமையாக எழுதியிருந்தார்.

"சித்தி, அந்த போட்டோவ மட்டும் எடுத்துருங்களேன்."

"ஏட்டி, நல்லாத்தான இருக்கு? எத்தனை லைக்கு பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"ஓங்கிட்ட கேக்கணுமா? நான் தூக்கி வளத்த புள்ளைட்டி நீ."

இதற்கு என்ன பதில் சொல்வது? சித்தி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்தப் படத்தில் என் முகம் எவ்வளவு என்னுடையதோ அந்த நாள் அவ்வளவு அவருடையது. கடைசியில் அவர் படத்தை எடுக்கவில்லை, கல்லூரிப் பெயரை மட்டும் எடுத்தார், டேக்கை நானே எடுத்துவிட்டேன். பொதுச்சுவர்ப் பேச்சுவார்த்தை என்றால் இப்படித்தான் அரைகுறையாக முடியும்.

ஆகவே ஜூனியர்கள் கேட்டால் இப்போது செட்டிங்கை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறேன். தொடர்புகளுக்கான அனுமதியை ஒவ்வொரு செயலியாகப் பார்த்துத் தேவையில்லாததை நிறுத்துங்கள், யார் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்பதை மாற்றுங்கள், டேக் வந்தால் உங்கள் அனுமதிக்குப் பிறகு தெரிகிற மாதிரி வையுங்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறிப்பு உதிர்ந்துவிடும், டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும், இது பலருக்குத் தெரியாது. ஜெராக்ஸ் கடை நம்பருக்கு ஆதாரை அனுப்பிப் பிரின்ட் எடுக்கிறோமே, எடுத்து முடித்ததும் அங்கேயே நின்று எல்லோருக்குமாக அழித்துவிட்டு, அண்ணாச்சி கம்ப்யூட்டரில் இறங்கிய கோப்பையும் அழிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற, மீதியை மறைத்த ஆதார் நகல், ஆதாரின் இணையதளத்திலேயே கிடைக்கிறது, பல இடங்களுக்கு அது போதும்.

மீதி நேரமெல்லாம் நான் பேசுவது அவர்கள் கையில் இருக்கிற மற்றவர்களின் சுவரைப் பற்றி. தோழிக்கு வாழ்த்து என்றால் அவளுக்கு நேரே அனுப்பு, ஸ்டேட்டஸ்தான் வைப்பேன் என்றால் வயதை விட்டுவிடு. குரூப் போட்டோ போடுமுன் அதில் நிற்கிற, அதிகம் பேசாத அந்த ஒரு பிள்ளையிடம் கேள், மற்றவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள். ஒருத்தி அனுப்பிய சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருத்திக்கு அனுப்புமுன்... இதைச் சொல்லும்போது யாருமே என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், நானும் அனுப்பியவள்தான்.

இந்த வருடம் தம்பிக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். இரண்டு மாதத்துக்கு முன்பே நான் தயாரானேன். அவன் பிறந்தநாளுக்கு யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது என்று அவன் நண்பர்களை மிரட்டி வைத்தேன், ஹால் டிக்கெட்டை அலமாரியில் பூட்டினேன், எதிர்வீட்டு மாமாவுக்கு அன்று காலையில் வேறு வேலை வரவேண்டும் என்று பேச்சியம்மனையும் கும்பிட்டுக்கொண்டேன். பத்து மணிக்கு ரிசல்ட் வந்தது, நானும் அவனும் மட்டும் மாடியில் போய்ப் பார்த்தோம், நல்ல மார்க். மெதுவாக இறங்கி வந்து அம்மாவிடம் மட்டும் காட்டினோம். பத்தேகாலுக்கு வாசலில் மாமா நின்றார், கையில் லட்டு கேட்டு.

அம்மா ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். மார்க் வந்த பக்கம் முழுசாக, பெயர், பதிவெண், பிறந்த தேதி எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி, அதற்கு மேலே கும்பிடு போடும் கைகள் ஆறு. எடுக்கச் சொல்லிப் போனைக் கேட்டேன். "இருட்டி, ஒன் அத்தை இன்னும் பாக்கல" என்றாள்.